பச்சையா, சிவப்பா என்று கேட்கும் ஊரில் ஒரு பர்கர் கடை

நியூ மெக்ஸிகோ மாநிலத்திற்கு முதன்முறையாக வரும் உறவினர்களும் நண்பர்களும் விமான நிலையத்திலிருந்து காரில் ஏறியதும் கேட்பது, இந்த ஊருக்கென்று உள்ள சாப்பாடு எது, அதை எங்கே சாப்பிடலாம் என்பதுதான். ஆல்பகர்க்கியின் பழைய நகரப் பகுதியில் மண்சுவர்க் கட்டடங்களுக்குள் நல்ல உணவகங்கள் இருக்கின்றன. ஒரு மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள சாண்டா ஃபேயில் அவற்றைவிடப் பெயர்பெற்றவை இருக்கின்றன. அவற்றையெல்லாம் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு நான் அவர்களை முதலில் அழைத்துச் செல்வது, சாலையோரத்தில் சிவப்பு எழுத்தில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் ஒரு துரித உணவுக் கடைக்கு. அதன் பெயர் பிளேக்ஸ் லோட்டாபர்கர். ஆல்பகர்க்கியை ஒட்டியுள்ள ரியோ ராஞ்சோவில் நாங்கள் குடியேறி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஒன்பது ஆண்டுகளில் மாநிலத்தின் வடக்கு, தெற்கு, மேற்கு மூலைகளில் அதன் கிளைகள் பலவற்றில் சாப்பிட்டிருக்கிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பிளேக் சான்ஸ்லர் என்பவர் 1952-இல் ஆல்பகர்க்கியில் தொடங்கிய கடை இது. அமெரிக்காவில் கார் வைத்திருப்போர் பெருகி, வண்டியை நிறுத்திவிட்டு ஜன்னலருகே நின்று வாங்கிச் சாப்பிடும் சிறு கடைகள் நெடுஞ்சாலைதோறும் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. நாட்டின் குறுக்கே ஓடிய 66-ஆம் எண் நெடுஞ்சாலை, ஆல்பகர்க்கியின் நடுவே சென்ட்ரல் அவென்யூ என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. ‘நிறைய’ என்று பொருள்படும் ஆங்கிலப் பேச்சு வழக்கைச் சேர்த்து வைத்த பெயர்தான் லோட்டாபர்கர். லோட்டா என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் பித்தளைப் பாத்திரத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. எழுபது ஆண்டுகளைத் தாண்டிய பிறகும் அதன் 70-க்கும் மேற்பட்ட கிளைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே மாநிலத்திற்குள்தான் இருக்கின்றன. அண்டையிலுள்ள அரிசோனாவின் டூசான், டெக்ஸாஸின் எல் பாசோ ஆகிய ஊர்களுக்கும் போயிருக்கிறதே தவிர, நாடெங்கும் பரவ வேண்டும் என்ற அவசரம் அதனிடம் இல்லை.

இந்த மாநிலத்தின் பரப்பைத் தெரிந்துகொண்டால்தான் அந்த எண்ணின் பொருள் விளங்கும். ஏறத்தாழ 3,15,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 21 லட்சம்தான். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே ஒரு மணி நேரம், சில இடங்களில் இரண்டு மணி நேரம், புதரும் பாறையும் வானமுமாகச் சாலை நீண்டுகொண்டே போகும். அப்படிப்பட்ட சாலைகளின் முடிவில் உள்ள காலப், ஃபார்மிங்டன், சொக்கோரோ போன்ற ஊர்களில் இந்தக் கடை இருக்கிறது என்பதும், ஆல்பகர்க்கியில் கிடைக்கும் அதே உணவு அங்கேயும் கிடைக்கிறது என்பதும் எளிய செய்திகள் அல்ல. நவஹோ பழங்குடி மக்கள் குடும்பத்தோடு வந்து வாங்கிச் செல்வதைக் காலப்பிலும், பண்ணை வேலை முடித்த கையோடு மண் ஒட்டிய காலணிகளுடன் வரிசையில் நிற்பவர்களைத் தெற்கேயும் பார்த்திருக்கிறேன். இந்த மாநிலத்தில் எல்லாத் தரப்பினரும் ஒரே வரிசையில் நிற்கும் இடங்கள் அதிகமில்லை. இது அவற்றுள் ஒன்று.

இனி, அந்த வரிசையில் நிற்பதற்கான காரணத்திற்கு வருகிறேன். அது பர்கர் அன்று. பர்கருக்குள் வைக்கப்படும் பச்சை மிளகாய்.

பச்சை மிளகாய் என்று எழுதியதும் தமிழ் வாசகர்களின் மனக்கண்ணில் விரல் கனத்திற்கும் குறைவான, கிள்ளிப் போட்டாலே சட்டி முழுவதும் காரமேறும் மிளகாய்தான் வரும். ஆகவே இவ்வூர்க்காரர்களைப் போல நானும் இதைச் ‘சிலே’ என்றே குறிப்பிடுகிறேன். பார்வைக்கு நம் பஜ்ஜி மிளகாயின் அண்ணன் போல இருக்கும், ஒரு சாண் நீளம்கூட வளரும், சதைப்பற்று மிகுந்தது. காரம் உண்டு, ஆனால் அது முதலில் நாக்கில் வந்து அறையாது. சதையின் இனிப்பும் சுட்ட வாசனையும் சென்ற பிறகுதான் அது தொண்டையருகே மெல்லத் தெரியவரும். நாம் மிளகாயைச் சுவையூட்டும் பொருளாகப் பயன்படுத்துகிறோம். இவர்களுக்கு அது காய்கறி. இந்த மாநிலம் 1965-இல் சட்டப்படி அறிவித்த அதிகாரபூர்வமான காய்கறிகள் இரண்டு: ஒன்று சிலே, மற்றொன்று பின்ட்டோ எனப்படும் பயறு. நாம் வெண்டைக்காயைப் பற்றியும் கத்திரிக்காயைப் பற்றியும் பேசுவதைப் போல, இந்த வருடம் காய் எப்படி, எந்தத் தோட்டத்துக் காய், எவ்வளவு சதை என்று இவர்கள் சிலேயைப் பற்றிப் பேசுவார்கள்.

சிவப்புச் சிலே என்பது வேறு வகைக் காய் அன்று. பச்சையாக இருக்கும்போதே பறித்தால் பச்சைச் சிலே. செடியிலேயே பழுக்கவிட்டு, பறித்து உலர்த்தினால் சிவப்புச் சிலே. வற்றலைச் சரமாகக் கோத்து வீட்டு வாசலில் தொங்கவிடுவதும் இங்கே வழக்கம். அந்தச் சரத்திற்கு ரீஸ்த்ரா என்று பெயர். உணவகத்தில் உட்கார்ந்ததும் ‘சிவப்பா, பச்சையா?’ என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியையே மாநிலத்தின் அதிகாரபூர்வமான கேள்வியாகச் சட்டமன்றம் ஏற்றிருக்கிறது. இரண்டும் வேண்டுமென்றால் ‘கிறிஸ்துமஸ்’ என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம்.

சிலே எப்படிச் சமையலுக்குத் தயாராகிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் இறுதிக்குள் வர வேண்டும். அறுவடை தொடங்கியதும் பேரங்காடிகளின் வாகன நிறுத்தத்தில், கம்பி வலையால் ஆன பெரிய உருளைகளைக் கொண்டுவந்து வைப்பார்கள். மூட்டை மூட்டையாகக் காயை அதற்குள் கொட்டி, கீழே எரிவாயுவைப் பற்றவைத்து உருளையைச் சுற்றும்போது, காய்கள் உருண்டு விழும் சடசடப்பும் அடுப்பின் இரைச்சலும் சேர்ந்து கேட்கும். தோல் கறுத்துக் கொப்பளித்துச் சுருண்டு, காற்றில் கருந்துகள்களாகப் பறக்கும். மிளகாய் வறுக்கும்போது நம் வீடுகளில் ஏறும் நெடி இதில் கிடையாது; யாரும் இருமுவதில்லை. தணலில் கத்திரிக்காயைச் சுட்டுக் கொத்சு செய்திருப்பவர்களுக்கு இந்த மணத்தின் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதி இங்கே வந்தால்தான் தெரியும். 2023-இல் இந்த மாநிலம், சுடப்படும் பச்சைச் சிலேயின் மணத்தைத் தனது அதிகாரபூர்வமான நறுமணமாகச் சட்டம் இயற்றி அறிவித்தது. அந்த யோசனையைத் தந்தவர்கள் லாஸ் குரூஸஸ் நகரிலுள்ள ஒரு பள்ளியின் 5-ஆம் வகுப்பு மாணவர்கள். நாங்களும் ஆண்டுதோறும் ஒரு மூட்டை வாங்கிச் சுட்டுக்கொண்டு வந்து, சூட்டோடு பையைக் கட்டி வேகவிட்டு, ஆறியதும் தோலை உரித்துச் சிறு பைகளில் போட்டு உறைபெட்டியில் அடுக்கிக்கொள்கிறோம். உரித்த கை இரவெல்லாம் காந்தும்.

இந்தக் காயின் இன்றைய வடிவத்திற்குக் காரணமானவர் ஃபேபியன் கார்சியா. 1871-இல் மெக்ஸிகோவின் சிவாவா மாநிலத்தில் பிறந்து, சிறு வயதில் இங்கே வந்து, லாஸ் குரூஸஸில் இருந்த வேளாண் கல்லூரியில் முதல் அணியில் படித்துப் பட்டம் பெற்றவர். அதே கல்லூரியில் தோட்டக்கலை அறிஞராகி, பல ஆண்டுகள் தேர்ந்தெடுத்துப் பயிரிட்டு, 1921-இல் ‘நியூ மெக்ஸிகோ எண் 9’ என்ற வகையை வெளியிட்டார். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு விதமாக விளைந்துகொண்டிருந்த காய்க்கு ஒரே அளவும் ஒரே அளவான காரமும் கிடைத்தது அதற்குப் பிறகுதான். இன்று பயிரிடப்படும் நியூ மெக்ஸிகோ வகைகள் பெரும்பாலும் அதன் வழி வந்தவை. அந்தக் கல்லூரிதான் இப்போது நியூ மெக்ஸிகோ மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே மிளகாய்க்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. நம் அசாமின் பூத் ஜொலோக்கியா மிளகாயை அங்கே பயிரிட்டு அதன் காரத்தை அளந்ததால்தான், 2007-இல் உலகிலேயே மிகக் காரமான மிளகாய் என்று அது கின்னஸ் பதிவில் ஏறியது.

விளைநிலத்தில் பெயர் பெற்றது ஹேட்ச் பள்ளத்தாக்கு. ரியோ கிராண்டே ஆற்றின் கரையில், லாஸ் குரூஸஸுக்கு வடக்கே உள்ள சிறிய ஊர் ஹேட்ச். பகலில் கொளுத்தும் வெயில், இரவில் இறங்கும் குளிர், 1916-இல் கட்டி முடிக்கப்பட்ட எலிஃபென்ட் பியூட் அணையிலிருந்து வரும் பாசன நீர் ஆகியவை சேர்ந்து அந்தக் காயை உருவாக்குகின்றன. லோட்டாபர்கர் தனது கடைகளில் பயன்படுத்துவது ஹேட்ச் பள்ளத்தாக்கின் பச்சைச் சிலே என்பதைப் பெருமையோடு அறிவித்துக்கொள்கிறது. துரித உணவுச் சங்கிலிகள் தங்கள் பொருட்களின் ஊரைச் சொல்வதே அரிது. எந்த நிலத்தில் விளைந்தாலும் ஒன்றுபோல இருக்கும் பொருளைத் தேடி வாங்குவதுதான் அவற்றின் வழக்கம். வாடிக்கையாளருக்கு எந்த ஊரிலும் ஒரே சுவை கிடைக்க வேண்டும் என்பதற்காக அவை அப்படிச் செய்கின்றன. இங்கே நேர்மாறாக, ஒரு குறிப்பிட்ட ஆற்றங்கரையின் விளைச்சல்தான் கடையின் முகவரி. அதனால்தான் இதைச் சங்கிலிக் கடை என்று ஒதுக்கிவிடாமல், இந்த மண்ணின் உணவைத் தெரிந்துகொள்ள நல்ல வாசல் என்று நான் கருதுகிறேன்.

பர்கரைப் பற்றிச் சொல்கிறேன். பட்டியலில் இரண்டு பெயர்கள் முக்கியமானவை: பெரியது லோட்டா பர்கர், சிறியது இட்ஸா பர்கர். வழக்கமான அமைப்பில் வெங்காயம், தக்காளி, லெட்டூஸ் இலை, வெள்ளரி ஊறுகாய், கடுகுச் சாந்து ஆகியவை இருக்கும். அதனுடன் சீஸும் பச்சைச் சிலேயும் சேர்க்கச் சொல்ல வேண்டும். சேர்க்காமல் வாங்கினால் அது வேறெங்கும் கிடைக்கக்கூடிய நல்ல பர்கர், அவ்வளவுதான். நாம் சொன்ன பிறகுதான் இறைச்சியை இரும்புக் கல்லில் போடுகிறார்கள் என்பதால் மற்றத் துரித உணவுக் கடைகளைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை நான் குறையாக நினைத்ததில்லை. அடுப்பிலிருந்து நேராகக் கைக்கு வரும் உணவுக்கும், விளக்கின் சூட்டில் வைத்திருந்து எடுத்துத் தரும் உணவுக்கும் உள்ள வேறுபாடு முதல் கடியிலேயே தெரிந்துவிடும்.

காகிதத்தைப் பிரிக்கும்போதே சுட்ட வாசனை எழும். எண்ணெயும் சாறும் ஊறிக் காகிதம் ஓரிடத்தில் கண்ணாடிபோல ஆகியிருக்கும். உருகிய மஞ்சள் சீஸுக்குள் பொடியாக நறுக்கிய சிலே புதைந்து, பன்னின் விளிம்பில் பச்சையாக வழிந்து நிற்கும். உற்றுப் பார்த்தால் அந்தப் பச்சைக்குள் எள்ளைப் போல ஓரிரண்டு கருந்துகள்கள் தெரியும். அவை உரிபடாமல் ஒட்டிக்கொண்ட தோலின் எச்சங்கள். காய் நெருப்பைப் பார்த்திருக்கிறது என்பதற்கான சான்று. கடித்ததும் முதலில் வருவது இறைச்சியின் உப்பும் சீஸின் கொழுப்பும். அடுத்து, சுட்ட காயின் இனிப்பு. மூன்றாவதாகத்தான் காரம். கொழுப்பு நாக்கை மூடியிருப்பதால் காரம் சுள்ளென்று ஏறாமல் படிப்படியாகப் பரவுகிறது. காரம் இருப்பதால் கொழுப்பு திகட்டுவதில்லை. ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும் இந்தச் சேர்க்கையை யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்பதில் இங்கே பல கதைகள் உண்டு. அதிகமாகச் சொல்லப்படுவது சொக்கோரோவிற்குத் தெற்கே சான் அன்டோனியோ என்ற சிற்றூரிலுள்ள ஔல் பாரின் கதை. 1945-இல் முதல் அணுகுண்டுச் சோதனைக்காக அப்பகுதியில் தங்கியிருந்த அறிவியலாளர்கள் அங்கே வந்து பச்சைச் சிலே சீஸ்பர்கர் சாப்பிட்டார்கள் என்று அவ்வூரார் சொல்வார்கள். இன்று அந்த உணவுக்கு மாநிலச் சுற்றுலாத் துறையே ஒரு தடத்தை வகுத்து, எந்தெந்த ஊரில் எந்தெந்தக் கடை என்று வரைபடம் வெளியிட்டிருக்கிறது.

காரம் எல்லாப் பருவத்திலும் ஒரே அளவில் இருக்காது. ஒரே செடியின் காய்களுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. மழை குறைந்த ஆண்டில் காய் காரமாக விளையும் என்பது இவ்வூர் விவசாயிகள் சொல்வது. ஆகவே சென்ற முறை மிதமாக இருந்ததே என்று நம்பி இரட்டிப்பாகப் போடச் சொல்பவர்கள் கண்கலங்க நேரலாம். நமக்கு அது பெரிய சோதனையாக இராது. வயல் மாறினால் சுவையும் சற்று மாறும் என்பதை ஏற்றுக்கொண்டிருக்கும் ஒரு துரித உணவுக் கடையை, அதற்காகவே நான் மதிக்கிறேன்.

மாட்டிறைச்சி உண்ணாத தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய இருக்கின்றன. அவர்கள் இந்தக் கடையைக் கண்டும் காணாமல் கடந்து போவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்களுக்காகவே காலை உணவுப் புரீட்டோவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டார்ட்டியா எனப்படும் மெல்லிய கோதுமை ரொட்டியில் கிளறிய முட்டை, உருளைக்கிழங்கு, சீஸ், சிலே ஆகியவற்றை வைத்துச் சுருட்டித் தாளில் பொதிந்து கையில் தருவார்கள். பன்றி இறைச்சி வகைகளை அதில் சேர்ப்பது வழக்கம். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். கையில் பிடித்துச் சாப்பிடும் இந்தக் காலை உணவு இந்த மாநிலத்தின் அன்றாடம். சாண்டா ஃபேயிலுள்ள டியா சோஃபியாஸ் என்ற உணவகம்தான் 1975-இல் அந்தப் பெயரை முதலில் உணவுப் பட்டியலில் ஏற்றியது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆல்பகர்க்கியில் மட்டும் கிளைகள் வைத்திருக்கும் கோல்டன் பிரைட் என்ற உள்ளூர்ச் சங்கிலியின் புரீட்டோவிற்கும் பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. அதையும் சாப்பிட்டுப் பார்க்கலாம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் அப்பாவை, ஒரு விடியற்காலையில் சொக்கோரோவிற்கு அருகிலுள்ள பறவைகள் சரணாலயத்திற்கு அழைத்துச் சென்றேன். நவம்பர் மாதக் குளிர். வழியில் லோட்டாபர்கரில் இறைச்சியில்லாத பச்சைச் சிலே புரீட்டோ இரண்டு வாங்கிக்கொண்டோம். கவுண்ட்டரில் இருந்த வயதான பெண்மணி என்னை ‘மிஹோ’ என்று அழைத்துப் பொட்டலத்தை நீட்டினார். மகனே என்று பொருள்படும் அந்த ஸ்பானியச் சொல்லை, நம்மூரில் ‘தம்பி’ என்றும் ‘ராசா’ என்றும் அழைப்பதைப் போல, இங்கே பெரியவர்கள் இளையவர்களிடம் இயல்பாகப் பயன்படுத்துவார்கள். காருக்குள் உட்கார்ந்து அப்பா முதல் வாய் சாப்பிட்டார். இரண்டாவது வாயில் நிறுத்தி, டார்ட்டியாவை விரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார். “மிளகாய்னு சொன்னியேப்பா, இது கறிகாய்ல்லா. இத வச்சே ஒரு கும்பா தயிர்ச்சாதம் சாப்பிடலாம் போலிருக்கே” என்றார். சிலே காய்கறி என்பதை நான் பல மாதங்கள் கழித்துப் புரிந்துகொண்டேன். அவர் இரண்டு வாயில் கண்டுபிடித்துவிட்டார்.

தூய சைவ உணவு உண்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நியூ மெக்ஸிகோ சமையலில் சிவப்புச் சிலேக் குழம்பையும், சில இடங்களில் பச்சைச் சிலேக் குழம்பையும், இறைச்சி சேர்த்துக் கொதிக்கவைப்பது பொதுவான வழக்கம். கோதுமை டார்ட்டியாவில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பதும் மரபு. கடைக்குக் கடை இது மாறும். கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். மற்றபடி கோழி இறைச்சி வைத்த பன்னும் உண்டு. அதிலும் சிலே சேர்க்கச் சொல்லலாம். உருளைக்கிழங்கு வறுவல், மில்க் ஷேக், குளிர்பானங்கள் ஆகியவை எல்லாச் சங்கிலிகளிலும் உள்ளவைதான் என்பதால் அவற்றைப் பற்றித் தனியே எழுத ஒன்றுமில்லை.

இந்த உணவை டெக்ஸ்-மெக்ஸ் என்று சொல்லிவிட்டால் இவ்வூர்க்காரர்களின் முகம் மாறிவிடும். அது நியாயமான வருத்தம். டெக்ஸாஸ் வகைச் சமையலில் சீரகம் ஓங்கி நிற்கும். மிளகாய்ப் பொடி மற்ற மசாலாக்களோடு கலந்தே வரும். இங்கே சிலேயைத் தனித்து நிற்கவிடுவார்கள்; பூண்டு, உப்பு, சில வீடுகளில் கொஞ்சம் ஓரிகானோ, அத்தோடு சரி. இந்த மண்ணின் பழங்குடியினரான ப்யூப்ளோ மக்கள் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகப் பயிரிட்ட மக்காச்சோளம், பயறு, பூசணி ஆகியவற்றோடு, 1598-இல் தெற்கிலிருந்து வந்து குடியேறிய ஸ்பானியர்கள் கொண்டுவந்த கோதுமையும் ஆடுமாடுகளும் கலந்து உருவான சமையல் இது. மெக்ஸிகோ உணவோடு உறவுண்டு என்றாலும் அதிலிருந்து வேறானது. பர்கர் என்பது அதில் கடைசியாக வந்து சேர்ந்த விருந்தாளி. வந்த விருந்தாளியை இந்த ஊர் தன் வழக்கத்திற்குப் பழக்கிக்கொண்டது. உலகெங்கும் ஒரே பட்டியலை வைத்திருக்கும் மெக்டொனால்ட்ஸ்கூட இந்த மாநிலத்தில் பச்சைச் சிலே தருகிறது.

ஆனால் பெயரை எடுத்துக்கொள்வது எளிது; காயை எடுத்துச் செல்வது எளிதன்று. சென்ற ஆண்டு வேறொரு மாநிலத்தின் விமான நிலையத்தில், பெயர் குறிப்பிட விரும்பாத ஓர் உணவகத்தின் பட்டியலில் ஹேட்ச் சிலே பர்கர் என்று எழுதியிருந்ததைப் பார்த்து, ஊர் நினைப்பில் ஆசையோடு வாங்கினேன். உள்ளே இருந்தது காடியில் ஊறிப் புளித்த, பல்லில் நறநறக்கும் பச்சை விழுது. சுட்ட மணமும் இல்லை, சதையும் இல்லை. பெயரைப் பார்த்துப் பணம் கொடுத்த அடுத்தவர்கள் இதுதான் ஹேட்ச் சிலே என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்களே என்பதுதான் எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது. நியூ மெக்ஸிகோவிற்குள் இப்படி நடக்காமலிருக்க, இங்கே விளையாத காயை நியூ மெக்ஸிகோ சிலே என்று சொல்லி விற்கக் கூடாது என மாநிலச் சட்டமே இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் பின்னால் ஓர் அச்சமும் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் இம்மாநிலத்தில் 30,000 ஏக்கருக்கு மேல் சிலே பயிரிடப்பட்டது; இப்போது அது 10,000 ஏக்கருக்கும் கீழே இறங்கிவிட்டது. பச்சைச் சிலேயைப் பெரும்பாலும் கையால்தான் பறிக்க வேண்டும்; பறிக்க ஆள் கிடைப்பதில்லை; ஆற்றில் நீரும் முன்போல் இல்லை; எல்லைக்கு அப்பாலிருந்து மலிவான காய் வந்து குவிகிறது. இயந்திரத்தால் பறித்தால் காம்பு காயோடு ஒட்டிக்கொண்டு வருவது பெரிய தொல்லை என்பதால், இயந்திர அறுவடைக்கு ஏற்ற வகைகளை உருவாக்கும் பணியில் பல்கலைக்கழகம் ஈடுபட்டிருக்கிறது. இந்த நிலையில், ஆண்டு முழுவதும் கிளைக்குக் கிளை சிலேயைச் செலவழிக்கும் ஒரு சங்கிலி அப்பள்ளத்தாக்கின் பெயரைச் சொல்லி விற்பது, அந்த ஆற்றங்கரையில் இன்னும் சிலே பயிரிடும் குடும்பங்களுக்குச் சிறிய ஆதரவு அன்று. பெரிய உணவகங்களில் வெள்ளைத் துணி விரித்த மேசையில் பரிமாறப்படும் சிலே ஒரு காயைப் பெருமைப்படுத்தும். ஆனால் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் இரவுப் பணி முடித்த செவிலியர்களும் நாள்தோறும் வாங்கும் பர்கரும் புரீட்டோவும்தான் அதைப் பயிரிட வைக்கும்.

வர நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை: சிலே சுடும் பருவமாகிய செப்டம்பரிலோ, வெப்பக் காற்றுப் பலூன் திருவிழா நடக்கும் அக்டோபர் தொடக்கத்திலோ வாருங்கள். மதியத்திற்கு இட்ஸா பர்கரே போதும். லோட்டா பர்கர் நல்ல பசியோடு வருபவர்களுக்கானது. பட்டியலில் உள்ள விலைக்கு மேல் வரி சேரும். மாலையில் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நகரின் மேற்குப் பக்கத்திலுள்ள மேட்டுக்குச் சென்றால், கிழக்கே நிற்கும் சாண்டியா மலை முழுவதும் சூரியன் மறையும் நேரத்தில் சில நிமிடங்கள் இளஞ்சிவப்பாக மாறுவதைப் பார்த்தபடி சாப்பிடலாம். சாண்டியா என்றால் ஸ்பானிய மொழியில் தர்பூசணி. வண்டியை ஒலிபெருக்கியின் முன் நிறுத்தியதும் தயங்க வேண்டாம். சீஸ் சேர்க்கச் சொல்லுங்கள், பச்சைச் சிலே சேர்க்கச் சொல்லுங்கள், சிலேயைக் கொஞ்சம் தாராளமாகவே வைக்கச் சொல்லுங்கள்.